தாம்ரான் லென்ஸா, சிக்மா லென்ஸா? வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் பற்றியும் சொல்லுங்க

வணக்கம். திருவையாறு பக்கம் நடவு, நாதஸ்வரக் கச்சேரி இரண்டையும் வீடியோ எடுக்கிறேன். கேமரா சோனி இசட்வி-இ10, கூட வந்த 16-50 லென்ஸ்.

சேத்துத் தண்ணியில் வெயில் தெறிக்கிறப்ப நொடிக்கு 25 ஃபிரேமுக்கு 1/50 ஷட்டர் வைக்க லென்ஸ் துவாரத்தை எஃப்22 வரை மூட வேண்டியிருக்கு; படம் மழுங்குது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினா நாத்து ஊன்றும் விரல்கள் வெட்டி வெட்டி ஓடுது. திருகி அளவை மாத்துற வேரியபிள் என்டி போட்டா, வைடில் (அகலமா எடுக்கிறப்ப) எக்ஸ் மாதிரி கறுப்பு விழுமாமே, உண்மையா?

ராத்திரி மண்டபத்தில் வெளிச்சம் பத்தாம படம் ஒரே புள்ளிமயம். வெளிச்சம் கூட விடுற எஃப்2.8-இல் சிக்மா 18-50 கைக்கு அடக்கம், ஆனா கை ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசேஷன் கிடையாது. கேமரா பாடியிலும் இல்லை. தாம்ரான் 17-70-இல் இருக்கு, கனம்தான் யோசனை. வரப்பில் நின்னு கையிலேயே எடுக்கிறவங்க எதை வச்சிருக்கீங்க? 67 எம்எம் ஃபில்டர் ஒண்ணு வாங்கி, சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்டுற ஸ்டெப்-அப் ரிங்கில் சமாளிக்கலாமா? தஞ்சாவூர், கும்பகோணத்தில் செகண்ட் ஹேண்ட் இருந்தாலும் சொல்லுங்க. கேமராவை ஆடாம பிடிக்கிற கிம்பல் மட்டும் வேண்டாம், சேத்துல அதைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியாது.