ஒன்பதாவது மாடியில் பொங்கல்: அம்மா வீட்டு முறையா, மாமியார் வீட்டு முறையா?

நெல்லைப்பொண்ணு:
எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம், அவருக்குக் கோபிசெட்டிபாளையம், குடியிருப்பது பெங்களூரில் ஒரு அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடி. தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டிலிருந்து பொங்கப்படி (பொங்கல் சீர்) வந்தது, அதை மாமியார் வீட்டில் கொண்டாடிவிட்டோம். போன வருடம் கைக்குழந்தை. ஆக, நாங்களே பானை வைக்கப்போவது இந்த 2026 பொங்கலுக்குத்தான்.

அம்மா சொல்வது: விடியுமுன்னே வாசலில் கோலம் போட்டு, அடுப்பாக மூன்று பொங்கல் கட்டி (மண் கட்டி) வைத்து, பனை ஓலை எரித்து, பால் பொங்கலுக்கு ஒன்று சர்க்கரைப் பொங்கலுக்கு ஒன்று என இரண்டு பானை. சூரியன் எட்டிப் பார்க்கும்போது பால் பொங்க வேண்டுமாம். மாமியாரோ, முதல் நாள் வீட்டில் சாமி கும்பிட்டாலே போதும், நமக்கு மறுநாள் சாயங்காலம்தான் பெரிய பொங்கல் என்கிறார். எங்களிடம் இருப்பது மேற்கு பார்த்த பால்கனியும், ஒரு கேஸ் அடுப்பும், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும். மாடு இல்லை!

எந்த நாள் வைப்பது? மண்பானை தாங்குமா? அப்புறம் இதையும் கேட்டுவிடுகிறேன், முழுக் கரும்பு லிஃப்டில் நுழையவில்லை, என்ன செய்தீர்கள்?

கொங்குப் பெரியவர்:
அம்மணி, உங்க மாமியார் சொல்றதுல காரணம் இருக்கு. எங்க பக்கம் பண்ணயம் பார்க்கிற வீடுகளில் மாட்டுப் பொங்கல்தான் பெரிசு. அன்றைக்குக் காலையிலேயே மாடு கன்றைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்து, மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு எல்லாம் புதிதாக மாற்றிவிடுவோம். சாயங்காலம் பட்டியிலேயே பொங்கல் வைத்து, சாணமும் மண்ணும் வைத்துச் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, அதில் தண்ணீர் விட்டு, ஆவாரம்பூப் போட்டு, மாட்டை அதில் மிதித்துப் போக விடுவோம். "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோட போக" என்று தட்டைத் தட்டிக்கொண்டே பட்டியைச் சுற்றி வருவதும் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன்.

பட்டி இல்லாத வீட்டில் பட்டிப் பொங்கலை எங்கே வைப்பீர்கள்? வியாழக்கிழமை காலையில் உங்க அம்மா சொன்னபடியே வைத்துவிடுங்கள். எங்க ஊர் வழக்கம் ஒன்றாவது வேண்டுமென்றால் போகியன்றைக்குக் காப்புக் கட்டுங்கள். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் ஒரு கொத்தாக நிலைப்படியில் செருகினால் முடிந்தது. ஊரில் இதைக் கிணறு, தோட்டம், மாட்டுச்சாளை ஒன்று விடாமல் கட்டுவோம், உங்களுக்கு இருப்பது ஒரே கதவு, அரை நிமிட வேலை. மாமியாருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், சமாதானம் ஆகிவிடுவார்.

பானைக்காரி:
மண்பானை இண்டக்‌ஷனில் சூடே ஆகாது, அதை மறந்துவிடுங்கள். கேஸில் வைக்கலாம், ஆனால் வாங்கிய அன்றே ஏற்றினால் விரிசல் விடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் அரிசி களைந்த கழுநீரை ஊற்றிச் சிறு தீயில் ஒருமுறை கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். அன்றைக்கும் சிறு தீதான், அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று, பால் பொங்கி வழிந்தால் கேஸ் தீ அணைந்துபோகும். எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்திக்கொண்டிருக்க, இங்கே கேஸ் கசிந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்தது, நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தோம். முதல் பொங்கு பொங்கியதும் உடனே குனிந்து தீயைப் பாருங்கள்.

அளவு: ஒரு ஆழாக்கு பச்சரிசிக்குக் கால் ஆழாக்கு பாசிப்பருப்பு, பொடித்த வெல்லம் ஒன்றரை முதல் இரண்டு. அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம், முன்னாலேயே போட்டால் அரிசி அப்படியே விறைத்து நிற்கும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் வேகாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியே ஊற்றுங்கள், மண் நெறநெறக்கும். புது அரிசி என்றால் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள்.

மொட்டைமாடி:
@பானைக்காரி, இவ்வளவு பாடு எதற்கு? குக்கரில் வைத்தாலும் அதே பொங்கல்தானே.

பானைக்காரி:
குக்கரில் விசில்தான் வரும், பொங்காது 😄

யாழ்ப்பாணத்தான்:
தங்கச்சி, நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ஊரில் முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, மாக்கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் (தேங்காய் மட்டை) எரித்துப் பொங்குவோம். அப்பா இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானையை மூன்று தரம் சுற்றிப் போடுவார், பிறகுதான் மற்றவர்கள் போடலாம். பால் பொங்கினவுடன் நாங்கள் வெடி கொளுத்த ஓடுவோம்.

இங்கே தை மாதத்தில் வெளியே கால் வைக்கேலாத குளிர், சூரியன் எழும்பவே ஏழே முக்கால் ஆகிவிடும், அதுவும் முகில் இல்லாவிட்டால்தான். குசினி அடுப்பில்தான் பொங்குகிறோம், பானைக்குக் கீழே ஒரு பெரிய தட்டம். பால் பொங்கினதும் தலைவாழையிலைப் படையலை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்து யன்னலடியில் வைத்துக் கும்பிடுகிறோம். மேற்குப் பால்கனி என்று கவலைப்படாதையுங்கோ, அடுப்பு எங்கே இருந்தால் என்ன. அந்த மூன்று கை அரிசியை மட்டும் நாங்கள் விடவில்லை, இப்போது என் மகள் போடுகிறாள்.

மொட்டைமாடி:
நானும் பெங்களூர்தான். எங்கள் அடுக்ககத்தில் போன வருடம் ஆறு குடும்பம் சேர்ந்து மொட்டை மாடியில் வைத்தோம். சங்கத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். பனை ஓலையை அனுமதிக்க மாட்டார்கள், கேஸ் என்றால் சம்மதிப்பார்கள். பூளைப்பூ, மஞ்சள் கொத்து எல்லாம் கே.ஆர். மார்க்கெட்டில் கிடைக்கும், விடியற்காலையில் போனால் நல்லது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் அன்றைக்கு எள்ளு பெல்லா கொடுக்க வருவார்கள்: எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்தது, கூடவே ஒரு துண்டுக் கரும்பும் சர்க்கரை அச்சும். வெறுங்கையோடு அனுப்பாமல் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்துவிடுங்கள்.

கரும்பை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுவதுதான் ஒரே வழி. நான் பதினொன்றாவது மாடி.

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. வியாழன் காலை கேஸில் ஒரே ஒரு மண்பானை, சர்க்கரைப் பொங்கல் மட்டும். பால் பொங்கலைக் குக்கரில் வைத்து அம்மாவிடம் சொல்லாமல் விடப்போகிறேன். காப்பு நிலைப்படியில், பெரியவர் சொன்ன மாதிரியே. மாமியாரிடம் சொன்னேன், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் போடு, இங்க பட்டியில மாட்டைக் காட்டுறேன்" என்றார், பிரச்சினை முடிந்தது. மூன்று கை அரிசியைக் குழந்தையின் கையைப் பிடித்துப் போடவைக்கலாம் என்று இருக்கிறோம்.

கரும்பைப் பாதியாக வெட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். பதில் வரவில்லை, போனை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் இப்போதே படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.