குடியை விட்டவங்களுக்குச் சாயங்காலத் தீனி: சேலத்துக்காரங்க யோசனை சொல்லுங்க

வணக்கம். குடியை நிறுத்தி முதல் ரெண்டு மாசத்துல இருக்கறவங்களுக்காக ஒரு தீனிப் பட்டியல் தயார் பண்றோம்.

180 மில்லி பிராந்தி ஒரு குவாட்டர்ல சுமார் 420 கலோரி. அது நின்னதும் உடம்பு அதே நேரத்துக்கு ஈடு கேட்கும். மூளைக்கும் சட்டுனு சுகம் தர்றது இனிப்புதான். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டு 6 வரைக்கும் வயித்தைக் காயப்போட்டா, கை தானா ஜிலேபிப் பொட்டலத்துக்குப் போயிடும். அதனால 4 மணிக்கே ஒரு கப் சுண்டல், இல்லைன்னா ரெண்டு அவிச்ச முட்டை. ஆரம்பத்துல ஒரு கடலை மிட்டாய் தின்னா வீட்ல திட்டாதீங்க. சர்க்கரை மாத்திரை போடறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்கணும், குடி நின்னா அளவு மாறலாம்.

தகராறே தட்டுவடை செட்டுலதான். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயம், ரெண்டு சட்னி. காரமும் மொறுமொறுப்பும் நாக்குக்கு வேலை கொடுக்குது. ஆனா புரதம் கம்மி, சீக்கிரம் பசிச்சிடும். நடுவுல அவிச்ச பச்சைப்பயறு ரெண்டு ஸ்பூன் வச்சா நமுத்துப் போகுமா? செட் போடறவங்க சொல்லுங்க. ஜவ்வரிசி வேண்டாம்; நம்ம ஊர்ல தயாராகறதுதான், ஆனா கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து.

ஏற்காடு எஸ்டேட் ஆட்களுக்கு இன்னொரு கேள்வி: குளிருக்கு டம்ளருக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீக்குப் பதிலா என்ன கொடுக்கலாம்?

அரிஷ்டம்னு ஆயுர்வேத மருந்தை மட்டும் சொல்லிடாதீங்க, அதுலயும் ஆல்கஹால் இருக்கு.