பிடி கையில், அலகு கதவில்: உங்கள் கத்தி அனுபவங்களையும் சொல்லுங்கள்

மோல்மின்காரன்:

வெட்கத்தில் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த கதை இது. நான் வாங்கிய முதல் பழைய தா, என் கையாலேயே கெட்டது.

தா என்றால் பர்மியக் கத்தி. பர்மாவின் தட்டோன் ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் கிழவர் அதை எடுத்துக் காட்டி "தா, தா" என்றார். கூட வந்திருந்த மச்சான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவன். கேட்கிறார் போல என்று பணத்தை நீட்டிவிட்டான்! அப்புறம் எங்கே பேரம் பேசுவது?

நல்ல கத்திதான். தோளில் மாட்டும் வகை, தால்வே என்பார்கள். கைக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. உருண்டையான நீளப் பிடி, அதன் மேல் வெள்ளித் தகடு, தகட்டின் மேல் முறுக்குக் கம்பி. கம்பிகளுக்கு நடுவே எத்தனை வருட அழுக்கோ, தார் மாதிரி ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிடியைப் பத்து நிமிடம் முக்கி வைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்தேன். வெள்ளி பளபளவென்று வந்தது. பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மச்சானுக்கு அதில் இளநீர் வெட்டிக் காட்டினேன். பழங்கத்தியில் இளநீர் வெட்டுவதே தப்பு, அது வேறு விஷயம். இரண்டாவது வெட்டில் பிடி மட்டும் கையில் இருந்தது. அலகு அவன் காதோரமாகப் போய்ச் சமையலறைக் கதவில் குத்தி நின்று ஆடியது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. தாவின் வால், அதாவது பிடிக்குள் நுழையும் பகுதி, குட்டையானது. ஆணி கிடையாது, மறை கிடையாது. அதைப் பிடித்து வைத்திருப்பது அரக்கு மட்டும்தான். அரக்கு 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். நான் போட்டதோ கொதிநீரில்.

சரிசெய்து தந்தவர் எங்கள் தெரு நகைப் பத்தர். அவர்களுக்கு அரக்கு புதிதா என்ன? அரக்கைப் பொடித்து, சலித்த செங்கல் தூள் கலந்து, பிடிக்குள் கெட்டியாகத் திணித்தார். அலகு முழுவதும் ஈரத்துணி சுற்றி, வாலை மட்டும் கரிநெருப்பில் காட்டினார். "துணி காய்ந்தால் சொல்லு தம்பி, சூடு ஏறினால் கத்தி வாயில் பதம் போயிடும்" என்றார். வால் சூடேறியதும் ஒரே அழுத்து. புகையும் பிசின் வாடையுமாக உள்ளே இறங்கியது. அரக்கு இறுகும் முன் கத்தியை நிமிர்த்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, பிடியும் முதுகும் ஒரே கோட்டில் நிற்கும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசு வாங்கவில்லை. திட்டு மட்டும் கிடைத்தது.

ரங்கூன் பட்டறை:

அண்ணே, நான் வாங்குகிற ஆள் இல்லை, அடிக்கிற ஆள். இன்லே ஏரிப் பக்கம் ஒரு கொல்லர் வீட்டில் ஒருவர் இரும்பைப் பிடிக்க, மூன்று பேர் மாறி மாறிச் சம்மட்டி போட்டார்கள். தாளம் ஒரு அடி தப்பவில்லை. அதைப் பார்த்த ஆசைதான். அங்கே ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊர் மாறி ஊர் சந்தை கூடும். அடித்ததை அதில் விற்பார்கள்.

என் சரக்கு லாரிப் பட்டா, அதாவது லாரியின் வில் தகடு. பழுக்கக் காய்ச்சிக் காந்தத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டாமல் போனால் 770 டிகிரி தாண்டிவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். முதல் கத்தியை அவசரப்பட்டுத் தண்ணீரில் விட்டேன். 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாயிலிருந்து முதுகுவரை தலைமுடி போல ஒரு கோடு. மூன்று நாள் வேலை.

எண்ணெயில் தோய்த்தாலும் அப்படியே விடக்கூடாது, கண்ணாடி மாதிரி உடையும். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மினுக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும். அதுதான் சரியான பதம். வீட்டு ரொட்டி அடுப்பே போதும், வீட்டுக்காரி சம்மதித்தால்.

பெகு பேத்தி:

என்னிடம் இருப்பது தா இல்லை, தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த வெட்டரிவாள். பிடி உளுத்துப் போனதால் பிடவுக் மரத்தில் மாற்றினேன். திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, சமயத்தில் மஞ்சளாகப் பூக்குமே, அதே மரம். நம் வேங்கைக்கு உறவு. பூணைப் பழையதாகவே விட்டேன். தேங்காயெண்ணெய் மட்டும் தடவுகிறேன்.

அலகில் படிந்த கறுப்பை யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது துரு இல்லை, வயசு. செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் எடுத்தால் போதும். இன்னொன்று, அம்மா இன்றைக்கும் அதைக் கைக்குக் கை வாங்கமாட்டார். தரையில் வைத்தால்தான் எடுப்பார்.

அண்ணே, அந்தக் கத்தியில் இப்போதும் இளநீர் வெட்டுகிறீர்களா?

மோல்மின்காரன்:

இல்லையம்மா. இளநீருக்குத் தனியாக ஒரு தாமா வாங்கிவிட்டேன், சந்தையில் கிடைக்கும் சாதாரண வெட்டுக்கத்தி. ஆனாலும் நான் காயைக் கையில் எடுத்தால் மச்சான் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்த்தான் நிற்கிறான்.