வில்லுக்கு ஒட்டுன நரம்பு உரிஞ்சு வருது, அவசரம்

பள்ளத்தூர் பையன்:
எல்லாருக்கும் வணக்கம் அண்ணே. வில்லு முதுகுல நரம்பு ஒட்டி 12 நாளாச்சு, நேத்து வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு, இன்னைக்குக் காலைல பார்த்தா ஒரு பக்கத்து நுனில தூக்கிக்கிட்டு நிக்குது, நகத்த விட்டா அப்படியே பட்டையா உரிஞ்சு வருது. வீடியோல பார்த்த மாதிரியேதான் எல்லாம் செஞ்சேன். பொங்கலுக்குள்ள நாண் ஏத்தணும். மேல இன்னும் கொஞ்சம் பசை ஊத்திக் கட்டிவிட்டா சரியாயிருமா? சீக்கிரம் சொல்லுங்க.

தேவகோட்டை ரஸ்தா:
என்ன மரம், என்ன பசை, என்ன நரம்பு, எங்க காயப்போட்டீங்க? ஒண்ணுமே சொல்லாம உரியுதுன்னா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது 😄

மூங்கில்காடு:
மரத்த தூக்கி அடுப்புல போடுங்க தம்பி. மூங்கில்ல பண்ணுங்க, அதோட மேல்தோலே இழுவைக்குப் போதும், நரம்பும் வேணாம் நாத்தமும் வேணாம்.

வில்லாளன்77:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. பழைய இழைய ஒரு தடவை தேடிப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. முதல்ல முதுகு எது வயிறு எதுன்னு தெரியுமா? அம்பு விடுறப்ப உங்க முகத்தப் பாக்குறது வயிறு, எதிரியப் பாக்குறது முதுகு. மரம் நூத்துல ஒரு பங்கு இழுபட்டாலே விட்டுரும், நரம்பு அதுக்குப் பல மடங்கு தாங்கும், அதனாலதான் இழுபடுற முதுகுல ஒட்டுறோம். நீங்க வயித்துல ஒட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

பள்ளத்தூர் பையன்:
முதுகுலதான் அண்ணே ஒட்டுனேன். நரம்பு கறிக்கடை பாய்கிட்ட வாங்குன மாட்டுக்கால் நரம்பு, காயவச்சு சுத்தியலால தட்டி நார் நாராப் பிரிச்சேன். பசை வஜ்ஜிரம், மாட்டுத்தோல் காய்ச்சி எடுக்குறது. மரம் வீட்டு மரம்தான்.

தேவகோட்டை ரஸ்தா:
வீட்டு மரம்னு ஒரு மரம் இருக்காய்யா?

தச்சன் மகன்:
வஜ்ஜிரத்த அடுப்புல நேரா வச்சுக் கொதிக்க விட்டீங்களா? பாதிப் பேர் அங்கதான் கெடுக்குறாங்க. எங்கப்பா சட்டிக்குள்ள சட்டி வச்சுத்தான் காய்ச்சுவார், வெளிச்சட்டில தண்ணி, உள்ள வஜ்ஜிரம், 60 டிகிரிய ஒட்டி இருந்தாப் போதும். முதல் நாளே பச்சத்தண்ணில ஊறப் போட்ருவார். கொதிச்சுட்டா பலம் போயிரும். விரல் ரெண்டுக்கும் நடுவுல தொட்டுப் பிரிச்சா நூல் இழுக்கணும், அதான் பதம்.

பள்ளத்தூர் பையன்:
கொதிக்கல அண்ணே. ஆத்தா பழைய இட்லிச் சட்டில தண்ணி வச்சுக் குடுத்துச்சு. இப்ப அந்தச் சட்டியவே உள்ள விட மாட்டேங்குது, வில்லு வளவுலதான் தொங்குது, பூனை வேற சுத்திச் சுத்தி வருது.

ஆச்சி பேரன்:
எங்க பக்கம் செவுத்துக்கே முட்டை வெள்ளக்கரு கலந்து பூசிருக்காங்க, நூறு வருஷமா கண்ணாடி மாதிரி நிக்குது. வஜ்ஜிரத்துல கொஞ்சம் வெள்ளக்கரு கலந்து பாருங்களேன்.

தச்சன் மகன்:
ஆச்சி பேரன், அது சுண்ணாம்பு. இது வில்லு. செவுரு வளையாது.

தேவகோட்டை ரஸ்தா:
வளவுலன்னா நடுவுல வானம் தெரியுமே, கார்த்திகை மழை முழுக்க அங்க குடிச்சிருக்கும். வஜ்ஜிரம் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். மழைக்காலத்துல ரெண்டு மூணு மாசம் காயப்போட்டாலும் எனக்குப் பத்தல, பொங்கல மறந்துருங்க. அந்தக் காலத்துல இரும்புலயே வில்லு பண்ணுனாங்கன்னா இந்த ஈரமும் அதுக்கு ஒரு காரணம், ஆயுதசாலைல வருஷக்கணக்கா போட்டாலும் கெடாது.

மதுரவீரன்:
மாட்டு நரம்ப விடுங்க, மான் நரம்புக்கு வழி பாருங்க.

தேவகோட்டை ரஸ்தா:
வழி பார்த்தா நேரா கோர்ட்டுதான். 1972 வனவிலங்குச் சட்டம், வச்சிருந்தாலே கேஸு.

மதுரவீரன்:
நம்ம முன்னோரு என்ன சட்டம் பார்த்தா வேட்டைக்குப் போனாங்க? நரம்பு வில்லே நம்ம ஊர்ல பிறந்ததுதான்.

வில்லாளன்77:
மரம், கொம்பு, நரம்பு மூணையும் சேக்குற வில்லு மத்திய ஆசியா பக்கத்துச் சமாச்சாரம். ஆதாரம் இருந்தாப் பேசுங்க.

மதுரவீரன்:
அப்ப நம்ம எறியிற வளைதடி, வளரி? அதுவும் மத்திய ஆசியாவா? சின்ன மருதுதான் தனக்கு எறியக் கத்துக்குடுத்தார்னு வெல்ஷுங்கிற வெள்ளக்காரனே எழுதி வச்சிருக்கான். 1801ல திருப்பத்தூர்ல தூக்குல போட்டு நம்மள மறக்கடிச்சாங்க, நீங்களும் மறந்துட்டீங்க.

வில்லாளன்77:
வளரிக்கு நரம்பே கிடையாது. யாரும் அதப் பத்திக் கேக்கவும் இல்ல.

ஆச்சி பேரன்:
திருப்பத்தூர் எங்க ஆயா வீட்டு ஊர் 🙏

தச்சன் மகன்:
சண்டைய வேற எங்கயாச்சும் வச்சுக்குங்கய்யா. தம்பி, அந்த உரிஞ்ச இடத்த வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாருங்க. மரத்து மேல நார் ஒட்டிக்கிட்டு இருந்தா நரம்புக்குள்ளதான் கோளாறு, கொழுப்பு சரியாப் போகாம இருந்திருக்கும். மரம் வழவழன்னு சுத்தமா இருந்து பசை மொத்தமும் நரம்போட போயிருந்தா மரம்தான் பசைய விட்டுருச்சுன்னு அர்த்தம். நரம்பு காயக்காயச் சுருங்கி இழுக்கும்ல, பிடி இல்லாத இடத்துல அப்படியே தூக்கிரும், பெரும்பாலும் நுனிலயும் பிடிகிட்ட குழிஞ்ச இடத்துலயும்தான். முதல்ல என்ன மரம்னு சொல்லுங்க, அப்பறம் பேசலாம்.

பள்ளத்தூர் பையன்:
சுத்தமா இருக்கு அண்ணே, கையே வழுக்குது. மரம் பர்மா தேக்கு. பக்கத்துத் தெருல வீடு இடிச்சப்ப வந்த உத்திரத்துல அறுத்தேன். உப்புத்தாள் நல்லாப் போட்டு தேங்காத்துணியால துடைச்சேன்.

தேவகோட்டை ரஸ்தா:
அத முதல் பதிவுலயே சொல்லிருந்தா நாப்பது மறுமொழி மிச்சம்.

மூங்கில்காடு:
தேக்கா!! கதவு செய்யிற மரம்யா அது. நான் சொன்ன மூங்கில் இப்ப எப்படி?

தச்சன் மகன்:
தேக்குல எண்ணெய், அதான் கரையான் கிட்ட வராது, பசையும் கிட்ட வராது. தேங்காத்துணி என்னன்னு புரியல, எண்ணெய்க் கை பட்ட துணின்னா கெட்டது குடி. நீங்க பாலிஷ் மாதிரி வழவழன்னு இழைச்சதும் தப்பு. ஒட்டுனத வெந்நீர்த் துணி சுத்தி ஊற வச்சாலே கழண்டுரும், வஜ்ஜிரத்துல அந்த ஒரு வசதி உண்டு, நார் அறுகாம இருந்தா மறுபடி ஒட்டலாம். ஆக்சா பிளேடு பல்லால முதுகு நெடுகக் கீறி விடுங்க, அசிட்டோன் நனைச்ச துணியால துணில மஞ்சள் வர்றது நிக்கிற வரைக்கும் துடைங்க, ஆறுன உடனே தண்ணியா இருக்குற வஜ்ஜிரத்த ரெண்டு மூணு தடவை சூடாத் தடவிக் காயவிடுங்க, எண்ணெய் மறுபடி மேல ஏறுறதுக்குள்ள. அதுக்கப்பறம்தான் நரம்பு. நாரெல்லாம் ஒரே இடத்துல முடியாம செங்கல் மாதிரி மாத்தி மாத்தி வைங்க. அப்பவும் தேக்கு எவ்வளவு வளைஞ்சு குடுக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, மெதுவா இழுத்துப் பாருங்க.

வில்லாளன்77:
மரத்துலதான் கோளாறுன்னு ஆரம்பத்துலயே எனக்குத் தோணுச்சு.

தச்சன் மகன்:
வயித்துலன்னு சொன்னீங்களே அண்ணே.

பள்ளத்தூர் பையன்:
மன்னிக்கணும் அண்ணே லேட்டாயிருச்சு. கீறி அசிட்டோன் போட்டு மறுபடி ஒட்டுனேன், மூணு வாரமாச்சு, இந்தத் தடவை பிடிச்சு நிக்குது, வில்லு நாண் இல்லாமலே முன்பக்கமா ஒரு இஞ்ச் வளைஞ்சிருச்சு. ஆனா ஒரு நுனிய பூனை மென்னுருச்சு.

தச்சன் மகன்:
எவ்வளவு நீளத்துக்கு? போட்டோ போடுங்க தம்பி.

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி?