பழுப்பு அரிசியைப் பிடிக்க எந்தக் கலர் கேமரா வாங்கலாம்?

மன்னை_தம்பி:
மன்னார்குடி பக்கம் மாமாவின் அரிசி ஆலையில் நிறம் பார்த்துக் கெட்ட அரிசியைத் தள்ளும் சார்ட்டெக்ஸ் மிஷின் ஏற்கெனவே ஓடுகிறது. அதிலிருந்து நல்ல அரிசியாக வெளியே வருவதில் நிறம் கெட்ட பழுப்பு, கருப்பு அரிசி எவ்வளவு தப்பி வருகிறது என்பதைத் தட்டில் அள்ளிப் போட்டுக் கண்ணால்தான் எண்ணுகிறார்கள். இதையே சின்ன பெல்ட்டில் ஓடவிட்டு, மேலே கேமரா வைத்து, ஜெட்சன் ஓரின் நானோ என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் எண்ணலாம் என்று யோசனை. பெல்ட் அகலம் 15 செ.மீ., வேகம் நொடிக்கு 30 செ.மீ., வைபிரேட்டர் வைத்து அரிசியை ஒற்றை அடுக்காக விழ வைத்தாயிற்று. வெப்கேமில் பார்த்தால் அரிசியெல்லாம் சாய்ந்து இழுபடுகிறது, நிறமும் மாறிக்கொண்டே இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் கேமரா என்று தேடினால் 5 மெகாபிக்சல், 12 மெகாபிக்சல், யுஎஸ்பி, ஜிக்-இ (ஈதர்நெட் கேபிளில் ஓடுவது) என்று வரிசை கட்டுகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

குடந்தை_விஷன்:
மெகாபிக்சலை விடுங்க தம்பி, முதலில் ஷட்டர். ரோலிங் ஷட்டர் வரிவரியாகப் படிக்கும், கடைசி வரிக்கு வருவதற்குள் அரிசி நகர்ந்துவிடும், அதனால்தான் சாய்கிறது. படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் இல்லாத எதையும் பார்க்காதீர்கள். சோனியின் ஐஎம்எக்ஸ்296 சென்சார் 1456 × 1088, வெறும் 1.6 மெகாபிக்சல்தான், ஆனால் உங்கள் பெல்ட்டில் ஒரு பிக்சலுக்கு 0.1 மி.மீ. கிடைக்கும், 2 மி.மீ. அகல அரிசிக்குக் குறுக்கே 20 பிக்சல். கலர் சென்சாரில் பாதி பிக்சல் பச்சை, கால் சிவப்பு, கால்தான் நீலம். பழுப்பைக் காட்டிக்கொடுப்பது அந்த நீலம்தான், அதில் குறுக்கே 10 புள்ளி மிஞ்சும், எண்ணுவதற்குத் தாராளம்.

எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு ஒளி வாங்கும் நேரம், 300 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் அரிசி நகர்வது ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும், கேமராவில் மிச்சம் பிடித்து லைட்டில் போடுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் எல்லாவற்றையும் அணைத்து, சாம்பல் அட்டை வைத்து ஒருமுறை சரிசெய்து அப்படியே பூட்டிவிடுங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் உள்ளே வராதபடி பெட்டி கட்டுங்கள், நம் கரண்டில் அது நொடிக்கு 100 முறை துடிக்கும். பெல்ட் நீல நிறம் என்றால் அரிசியைப் பிரிப்பது சுலபம்.

ஒன்று மட்டும், இதே கேமராவில் ஈரப்பதமும் பார்க்கலாமா என்று மாமா கேட்பார். முடியாது. நெல் கொள்முதலில் வரும் 17 சதவீத ஈரப்பதப் பஞ்சாயத்துக்கு இது உதவாது.

திருவாரூர்_வயர்மேன்:
ஆலைக்குள் என்றால் என் ஓட்டு ஜிக்-இக்கு. யுஎஸ்பி 3 கேபிளை மூன்று மீட்டருக்கு மேல் இழுத்தாலே தகராறு, பக்கத்தில் எலிவேட்டர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கேமரா காணாமல் போகும். ஸ்க்ரூ வைத்த கனெக்டராவது வாங்குங்கள். ஈதர்நெட் 100 மீட்டர் போகும், ஆனால் நொடிக்குச் சுமார் 115 மெகாபைட்தான் தாங்கும். இந்த சென்சார் 60 ஃப்ரேமில் 8 பிட் பேயராக (ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம் மட்டும் உள்ள மூலப் படமாக) அனுப்பினால் 95 மெகாபைட், சரியாகப் போகும். ஆர்ஜிபியாக மாற்றி அனுப்பினால் அது மூன்று மடங்கு, அடைத்துக்கொள்ளும். நிறம் பிரிக்கும் வேலையை ஜெட்சனிடம் விடுங்கள். ஈதர்நெட் கேபிளிலேயே பவர் எடுக்கும் பிஓஇ கேமரா என்றால் நடுவில் ஒரு இன்ஜெக்டர் வேண்டும், அந்த போர்டு பவர் கொடுக்காது. காசு கொடுக்கும் முன் ஜெட்சனில் ஓடும் ஏஆர்எம் லினக்ஸுக்கு எஸ்டிகே (கேமராவை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று கேளுங்கள்.

தவிட்டுத்_தூசி:
கலரே எதற்கு? மோனோ கேமரா, நீல எல்இடி, கருப்பு பெல்ட். நீல வெளிச்சத்தில் பழுப்பு இருண்டுவிடும், பிக்சலும் முழுசாகக் கிடைக்கும்.

மன்னை_தம்பி:
பழுப்பு, கருப்பு, சிவப்புக் கோடு மூன்றையும் தனித்தனியாக எண்ணிக் காட்டச் சொல்கிறார் மாமா, அதனால்தான் கலர். லென்ஸ் எத்தனை மி.மீ.?

குடந்தை_விஷன்:
மூன்றும் என்றால் கலரே சரி. 16 மி.மீ. சி-மவுண்ட் (திருகி மாட்டும்) லென்ஸ், பெல்ட்டிலிருந்து அரை மீட்டர் உயரம். 15 செ.மீ. அகலமும் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் தடுக்கும் ஐஆர் கட் ஃபில்டர் கேமராவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் தனியாகத்தான் வாங்க வேண்டும். அப்புறம், லென்ஸ் முன்னால் ஒரு கண்ணாடி போட்டு உள்ளேயிருந்து லேசாகக் காற்று ஊதவிடுங்கள், இல்லையென்றால் மதியத்துக்குள் தவிடு படிந்து எல்லா அரிசியும் பழுப்பாகிவிடும்.