புதுப்பிப்பு: எழுதியதைக் காட்டத் தயங்குபவர்களுக்கு

எழுதப் பயமாக இருந்தால் தினம் 15 நிமிடம் திருத்தாமல் எழுதுங்கள் என்று போன மாதம் சொல்லியிருந்தேன். பெங்களூரில் வளர்ந்த பலரும் கேட்டது ஒன்றுதான்: "பள்ளியில தமிழ் படிக்கலைங்க, பிழை வந்தா மானம் போயிடுமே?"

எழுதும்போது பிழையைப் பார்க்காதீர்கள். கை நின்றால் ஓட்டம் போய்விடும். இரண்டு நாள் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். பிறகு ஒற்று, அதாவது இரண்டு சொற்களுக்கு இடையில் கூடுதலாக வரும் க், ச், த், ப். பெயர்ச்சொல்லின் கடைசியில் சேரும் 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: ஏரியைப் பார்த்தான், அல்சூருக்குப் போனாள். இது ஒன்று பிடிபட்டாலே பக்கம் தெளியும். ண-ன, ர-ற குழப்பத்துக்கு அகராதி போதும்.

காட்டுவதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, கட்டைவிரல் படத்தைத் தவிர எதுவும் வராமல் சோர்ந்துபோகிறார்கள். ஒருவரிடம் மட்டும், ஒரு பக்கம் மட்டும் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த வரியில கவனம் விலகிச்சு? எதைத் திரும்பப் படிச்சீங்க?" என்று கேளுங்கள். அடுத்த வாரம் இன்னொருவர். இருவரும் ஒரே இடத்தைச் சுட்டினால் அதை முதலில் திருத்துங்கள்.

பேச்சில் வரும் கன்னடத்தை மட்டும் வெட்கப்பட்டு நீக்க வேண்டாம். பக்கத்து வீட்டம்மா "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டால் அதையே எழுதுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்று மாற்றினால் அந்தத் தெருவே காணாமல் போய்விடும்.