ஸ்கீ பந்தயத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கு விஓ2 மேக்ஸ் டெஸ்ட் தேவையா? பெங்களூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: ராமமூர்த்திநகர் மாமா

வணக்கம். என் அக்கா மகளுக்காகக் கேட்கிறேன். வயது 18, எங்கள் வீட்டில் தங்கித்தான் காலேஜ் போகிறாள். பள்ளியில் 3000 மீட்டர் ஓடியவள். குல்மார்க்கில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங், அதாவது பனியில் கோல் ஊன்றி நெடுந்தூரம் சறுக்கிப் போகும் விளையாட்டுதான் பேச்சு, மூச்சு எல்லாம். குடகுப் பெண் பவானி தெக்கட நஞ்சுண்டா கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் பதக்கம் வாங்கியதைக் காட்டி, "பனியே விழாத ஊரிலிருந்தும் போகலாம் மாமா" என்கிறாள். விடிகாலையில் வண்டி நடமாட்டம் இல்லாத லேஅவுட் ரோட்டில் ரோலர் ஸ்கீ (சக்கரம் வைத்த ஸ்கீ), மாலையில் ஓட்டம். அடுத்த சீசன் தேர்வுக்கு முன்னால் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து பார்க்க ஆசைப்படுகிறோம். இங்கே ஒரு லேபில் முகத்தில் மாஸ்க் மாட்டி, ட்ரெட்மில்லில் ஓடவிட்டு விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு உச்சமாக எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் என்ற அளவு, பார்த்துத் தருகிறார்கள். கட்டணம் எங்களுக்குக் கொஞ்சம் கனம்தான். அந்த எண் பனிக்கு ஏதாவது சொல்லுமா, இல்லை மைதானத்திலேயே பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: உடலியல் ஜெயநகர்

மாமா, எண் சொல்லும், ஆனால் பாதிதான் சொல்லும். இந்த விளையாட்டில் ஆக்சிஜன் உறிஞ்சும் திறன் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது உண்மை. எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற நார்வேக்காரர் பியோர்ன் டேலிக்கு 96 (உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லி ஆக்சிஜன்) என்று சொல்வார்கள், உலகத் தரத்தில் ஸ்கீ ஓட்டும் ஆண்கள் 80க்கு மேலே, பெண்கள் 70ஐ ஒட்டி. ஆனால் அந்த எண்ணை எதில் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஓட்டக்காரர்கள் இந்த விளையாட்டுக்கு வரும்போது மாட்டிக்கொள்வது இங்கேதான். ட்ரெட்மில்லில் ஓடும்போது கால் வேலை செய்கிறது, பனியில் கையும் முதுகும் வயிறும் சேர்ந்து கோலை அழுத்தித் தள்ளணும். நல்ல ஸ்கீயர்கள் இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றித் தள்ளும் டபுள் போலிங்கில்கூட, ஓட்டத்தில் எட்டும் உச்சத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் வரை போய்விடுவார்கள். ட்ராக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு இந்த இடைவெளி ரொம்பப் பெரிதாக இருக்கும். அதை மூடுவதுதான் அவளுடைய வேலை, ஓட்ட எண்ணை இன்னும் இரண்டு ஏற்றுவது இல்லை.

காசு செலவழிப்பதாக இருந்தால் லாக்டேட் (கடுமையாக உழைக்கும்போது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் பொருள்) டெஸ்ட் எடுங்கள் என்பேன். நாலைந்து நிமிடம் ஒரே வேகம், சின்ன இடைவெளி, காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் வேகத்தை ஏற்றி மறுபடியும். லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டும் இடத்தில் இதயத்துடிப்பும் வேகமும் என்ன என்று தெரிந்தால், தினசரிப் பயிற்சியை எந்த வேகத்தில் செய்யணும் என்பது கைக்கு வந்துவிடும். குத்துபவரைக் கவனியுங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கிறாரா, வியர்வையை ஒற்றி எடுக்கிறாரா என்று பாருங்கள், ஏனென்றால் வியர்வையிலும் லாக்டேட் உண்டு, கலந்தால் எண் பொய் சொல்லும். முந்தின நாள் சோறு சாப்பிடாமல் போனாலும் அளவு குறைவாகக் காட்டும், ஏதோ ஃபிட்னஸ் கூடிவிட்ட மாதிரி தெரியும்.

பதில்: நந்திமலை ஏறி

லேப் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். மாதாமாதம் பார்க்க மைதானமே நல்லது. ஸ்கீ கிளப்புகள் பலவற்றில் 3000 மீட்டர் ட்ராக் ஓட்டம் ஒரு வழக்கமான டெஸ்ட், உங்கள் பெண்ணுக்கு அது ஏற்கெனவே பழக்கம். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் கூப்பரின் 12 நிமிட ஓட்டம்: ஓடிய மீட்டரில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் தோராயமான விஓ2 மேக்ஸ். 2800 மீட்டர் என்றால் 51 சொச்சம் வரும். இலவசம்.

கைக்கு ஸ்கீஎர்க், அதாவது நின்றபடி இரண்டு கயிற்றையும் கீழே இழுத்து டபுள் போலிங் மாதிரி செய்யும் ஜிம் மெஷின். ஹைராக்ஸ் (ஓட்டமும் ஜிம் பயிற்சிகளும் மாறி மாறி வரும் பந்தயம்) போட்டிக்குப் பயிற்சி தரும் ஜிம்களில் பாருங்கள், அந்தப் போட்டியின் முதல் நிலையமே 1000 மீட்டர் ஸ்கீஎர்க் என்பதால் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அதே 1000 மீட்டரை டெஸ்டாக வையுங்கள். பக்கத்து லீவரை மட்டும் நம்பாதீர்கள், மானிட்டரில் டிராக் ஃபேக்டர் (மெஷின் எவ்வளவு எதிர்த்து இழுக்கிறது என்ற எண்) எத்தனை என்று பார்த்துக் குறித்து, அடுத்த முறையும் அதே எண்ணில் வையுங்கள். ரோலர் ஸ்கீயில் நேரம் எடுப்பதாக இருந்தால் கால் மணி நேரமாவது ஓட்டிச் சக்கரம் சூடான பிறகு எடுக்கணும். குளிர்ந்த சக்கரம் இழுக்கும், பாவம் பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

பதில்: ஹவில்தார் தாத்தா அல்சூர்

தம்பி, நான் பட்டாளத்தில் மலைப் பிரதேசத்தில் இருந்தவன். டாஷி லுன்டுப் 2010இல் வான்கூவருக்கும் ஜகதீஷ் சிங் 2018இல் பியோங்சாங்குக்கும் போனார்கள் என்றால், பனியில் கிடந்த நாட்கள்தான் அவர்களைக் கொண்டுபோயின. இறக்கத்தில் வளைவு திரும்பத் தெரியாமல், ஏற்றத்தில் சம்பாதித்த நேரத்தை எல்லாம் கீழே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை எந்த மெஷின் அளக்கும்? இன்னொன்று, பெங்களூரு 900 மீட்டர், குல்மார்க் 2650 மீட்டர். இங்கே எடுத்த துடிப்பு, வேகம் எதுவும் அங்கே அப்படியே செல்லாது. காசைப் பனிக்கு எடுத்து வையுங்கள்.

பதில்: உடலியல் ஜெயநகர்

ஐயா சொல்வது சரி, உயரம் கூடினால் எண் இறங்கும், அதனால் குல்மார்க் போய் முதல் வாரம் இங்கத்திய வேகத்தைத் துரத்தக் கூடாது. ஆனால் சர்வதேசப் பந்தயப் பாதைகள் வழக்கமாக 1800 மீட்டருக்குக் கீழேதான் அமைகின்றன, ஆக இங்கே எடுக்கும் அளவு வீண் இல்லை. பனியில் கிடைப்பது சில வாரங்கள், மீதி வருஷம் இங்கேதான். அந்த மாதங்களில் தோள் பலப்படுகிறதா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

கேள்வி கேட்டவர்: ராமமூர்த்திநகர் மாமா

எல்லோருக்கும் நன்றி. ஓட்டமும் ஸ்கீஎர்க்கும் இந்த ஞாயிறே ஆரம்பிக்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் வைக்கலாமா? அவள் கொஞ்ச நாளாகச் சீக்கிரம் களைத்துப்போகிறாள், அதுவும் மனதில் உறுத்துகிறது.

பதில்: உடலியல் ஜெயநகர்

ஒரே நாளில் வேண்டாம், நடுவில் ஒரு லேசான நாள் விடுங்கள். ஆனால் களைப்பு என்கிறீர்களே, அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். தெருமுனை ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே எடுப்பார்கள், விஓ2 டெஸ்டை விட எவ்வளவோ மலிவு. நீண்ட தூரம் ஓடும் இளம்பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சர்வசாதாரணம், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடக்கும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், நின்றுபோயிருந்தால் போதுமான அளவு சாப்பிடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், டாக்டரிடம் போகணும். இரும்பு மாத்திரையை ரிசல்ட் வராமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.